சம்பளம் இல்லாமல் சாரணர் குழு நடத்த ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சாரணர் குழுவைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஊதியம் கிடையாது. வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் இதை ஏற்கலாமா? நடத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில்:

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளே ஒரு மொத்தமான சி.ஆர். கொப்பி வாங்குங்கள், கணக்கு எழுத. கயிறு, கூடாரம் எல்லாம் அதற்குப் பிறகு.

நான் திருகோணமலையில் வயரிங் வேலை செய்பவன். ஆசிரியர் இல்லை, பெரிய பதவியிலும் இல்லை. மூத்த மகன் குருளைச் சாரணனாக (சின்னப் பிள்ளைகளின் சாரணர் பிரிவு) இருந்த காலத்தில் அவர்களுடைய தலைவருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்த ஆள் கிடைக்கும் மட்டும் இரண்டு மாதம் பாருங்கள் என்றார்கள். அது 2013. அடுத்த ஆள் இன்னும் வரவில்லை.

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை இதைக் கதைத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. என் மனைவியும் முதல் வருடம் கேட்டவர், "ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடுறீங்கள், வீட்டுப் பிள்ளையளோட எப்ப இருக்கப்போறீங்கள்?" என்று. நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்ட ஒரே வழி, சனிக்கிழமை பின்னேரம் மூன்றரையிலிருந்து ஐந்தரை மட்டும் என்று கோடு கீறிக்கொண்டதுதான். அந்த இரண்டு மணித்தியாலத்தில் யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போவதில்லை. மற்ற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் சாரணர் வேலைக்குப் போவதில்லை.

சொல்லச் சுலபம். எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர் வருவது ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரை. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் எனக்கு வேலை குவிவதும் அப்போதுதான், பிள்ளைகளுக்கு முகாம் போடக்கூடிய ஓகஸ்ட் விடுமுறை வருவதும் அப்போதுதான். வாடை தொடங்கினால் எனக்கு வேலை குறைவு, ஆனால் நவம்பர் மழைக்குள் யாருடைய பிள்ளையைக் கொண்டுபோய்க் கூடாரத்தில் படுக்க வைப்பது? ஒவ்வொரு ஓகஸ்டிலும் மூன்று நாள் சம்பளத்தை விட்டுத்தான் முகாமுக்குப் போகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பொறுப்பெடுக்கும் ஒருவர் தன் தொழிலின் நாட்காட்டியையும் பிள்ளைகளின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓம் சொல்ல வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கொப்பி விசயத்துக்கு வருகிறேன்.

2018இல் திருக்கடலூர்ப் பக்கமிருந்து ஒரு பெடியன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வயது. தகப்பன் கடற்றொழில். மூன்று கிழமை பாடசாலைச் சேட்டோடு வரிசையின் கடைசியில் நின்றான். வாய் திறக்க மாட்டான். சீருடை எப்போது தைப்பாய் என்று ஒரு நாள் கேட்டேன், அடுத்த கிழமை ஆள் வரவில்லை. அப்படிக் கேட்டது என் பிழை. வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். குழுப் பணத்தில் அவனுக்குச் சேட், காற்சட்டை, இடுப்புப் பட்டி எல்லாம் 2,150 ரூபாவுக்கு முடித்தோம். அந்த வருட முகாம் கட்டணம் ஆளுக்கு 1,500. அவனிடம் 200 வாங்கினேன். ஒன்றும் வாங்காமல் விட்டால் தகப்பன் அனுப்பமாட்டார் என்று தெரியும்.

குழுப் பணம் என்றால் என்ன? பிள்ளைகளின் மாதச் சந்தா 50 ரூபா, பிறகு வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பரும் வெற்றுப் போத்தலும் சேர்த்து விற்ற 6,740 ரூபா. அவ்வளவுதான்.

முகாமுக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிள்ளையின் தகப்பன், வசதியான மனிசர், மைதானத்துக்கு வந்தார். பெடியள் எல்லாம் அணியணியாக நிற்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டார். "அண்ணன், என்ட மகன்ட சந்தாக் காசில மற்றவன்ட பிள்ளைக்குச் சேட் தைக்கிறீங்களாம். இதுக்கு யாரிட்டக் கேட்டனீங்கள்?"

அந்தப் பெடியன் நாலு அடி தள்ளி, அந்தச் சேட்டோடு நிற்கிறான். தலையைக் குனிந்து இடுப்புப் பட்டிக் கொளுவியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் கேட்கிறது.

அன்றைக்கு நான் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டேன். 14 பேர் வந்தார்கள். கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வரி வரியாக வாசித்தேன். போத்தல் விற்ற கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டு முதல்கொண்டு பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. சீருடைக்கு எடுத்த பணத்துக்கு அணித் தலைவர்கள் நாலு பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். அது நான் தனியே எடுத்த முடிவில்லை, பிள்ளைகள் கூடிக் கதைத்து எடுத்தது. ஒரு தாய் எழும்பி, "பிள்ளையளுக்கு இருக்கிற அறிவு எங்களுக்கு இல்லாமப் போச்சு" என்றார். மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தகப்பன் ஏற்கவில்லை. மகனை நிறுத்திவிட்டார். அந்த வருடம் என் வீட்டுக்கு முன்மதில் கட்டினேன், சாரணர் காசில் மதில் எழும்புது என்று கதை பரவியது. சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, கதைத்தார்கள்.

அன்றைக்கு என் வாயில் வராத ஒரு விசயத்தை இங்கே எழுதிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுண்சீ தீவில் முதல் முகாம் போட்டபோது பெரிய பாடசாலைகளில் படித்த பணக்கார வீட்டுப் பெடியள் ஆளுக்கு ஒரு பவுண் கட்டினார்கள். பட்டணத்துத் தொழிலாளர் வீட்டுப் பெடியளிடம் வாங்கியது மூன்று சிலிங் ஆறு பென்ஸ். ஒரு பவுணுக்கு 20 சிலிங், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டத்தையும் கலந்து நாலு அணியாகப் பிரித்துக் கூடாரங்களில் ஒன்றாகப் படுக்க வைத்தார். அதாவது, உள்ளவனிடம் கூடவும் இல்லாதவனிடம் குறையவும் வாங்குவது நான் கண்டுபிடித்த குற்றமில்லை. இந்த இயக்கம் தொடங்கிய முதல் கிழமையே அப்படித்தான் நடந்தது. எல்லாருக்கும் ஒரே சீருடை என்று வைத்ததும், வரிசையில் நிற்கும்போது யார் வீடு எது என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தானே?

நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளை நல்ல பெடியன். திசைகாட்டி பார்ப்பதில் அவனை அடிக்க எங்கள் குழுவில் ஆள் இல்லை. சில மாதம் கழித்து ஒரு கடையில் கண்டேன். தகப்பன் காசு கொடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, ஒன்றும் பேசாமல் இடது கையை நீட்டினான். சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். குலுக்கினேன். அவ்வளவுதான், பிறகு அவன் வரவேயில்லை. இவ்வளவு வருடத்தில் எனக்கு ஆறாத காயம் இது ஒன்றுதான்.

சரி, அந்த வருட முகாம். நிலாவெளியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் தென்னந்தோட்டம். (தென்னைக்குக் கீழே கூடாரம் போடாதீர்கள். தேங்காய் விழும், மட்டை விழும். மரத்துக்கு மரம் இடையில் வெளி பார்த்துப் போடுங்கள்.) இரவு கச்சான் காற்று ஏறியது. மணல் நிலம், மர முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நானும் உதவித் தலைவரும் டோர்ச் லைட்டோடு ஓடி ஓடி அடிக்கிறோம், அடிக்க அடிக்கக் கழருது. அந்தத் திருக்கடலூர்ப் பெடியன் எழும்பி வந்தான். சமையல் கொட்டிலில் கிடந்த வெற்று உரப்பையை எடுத்தான், முக்கால்வாசி மணல் நிரப்பினான், வாயை முறுக்கிக் கட்டினான். கையாலேயே முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு கிண்டி, பையைப் படுக்க வைத்து, கூடாரக் கயிற்றை அதன் நடுவில் சுற்றி ஒரு முடிச்சு. அந்த முடிச்சைப் பார்த்தேன். போலைன், இழுத்தாலும் இறுகாத கண்ணி முடிச்சு. நான் முந்தின மாதம் மூன்று சனிக்கிழமை கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தது. அவன் இருட்டில், ஒரு கையால், மற்றக் கையில் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி போட்டான். மணலை மூடி மிதித்துவிட்டு, "இனிக் கழராது சேர். தோணி கட்டுறதும் இப்பிடித்தான்" என்றான். ஒரே மூச்சில் அவன் அவ்வளவு கதைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

விடியும் மட்டும் கூடாரம் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து முடிச்சு வகுப்பு அவனுடையது. இரவுத் தீயைச் சுற்றிப் பாட அவன் அப்பப்பாவிடம் கேட்டு வந்த கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுத்தான் இன்றைக்கும் எங்கள் குழுவின் பாட்டு. ஒருவன் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டுக் கயிறு இழுப்பார்கள். 2024 பெப்ரவரியில் தேசிய ஜம்போறி (நாடு முழுக்க உள்ள சாரணர்கள் கூடும் பெரிய முகாம்) எங்கள் திருகோணமலையிலேயே நடந்தபோது, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவன் இரண்டு நாள் தொழிலை விட்டு வந்து சின்னப் பெடியளோடு நின்று எங்கள் வாசல் வளைவைக் கட்டிக் கொடுத்தான்.

"சாரணியம் படிப்பைக் கெடுக்கும்" என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்த கையோடு ஓ.எல்.லுக்கு ரியூசன் தொடங்கும் ஊர் இது. ஞாயிறு காலையிலும் ரியூசன். கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்தால் கெடுகிற படிப்பு எது என்று எனக்கு விளங்கவில்லை. "வெள்ளைக்காரன் விட்டுப்போனது" என்பவர்களுக்கும் பதில் சொல்லலாம். இலங்கையில் இது 1912இல் மாத்தளையில் தொடங்கியது, நூறு வருடம் தாண்டிவிட்டது. அம்பா பாடுகிற எங்கள் பெடியளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பாதுகாப்பு. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே இருக்கக்கூடாது, அது நீங்களாக இருந்தாலும். பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் முகாம் இல்லை. மாவட்டச் சாரணர் ஆணையாளரிடம் பதிந்துவிட்டு, பயிற்சிக்கும் போய்விட்டுத் தொடங்குங்கள். தருச்சின்னம் (Wood Badge, சாரணத் தலைவர்களுக்கான உயர் பயிற்சி) வரை போக முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்தது நீச்சல். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்ததால் பாதையில் (ஆட்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை) போன பாடசாலைப் பிள்ளைகள், அது கவிழ்ந்து இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் குழுவில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் தெரியாது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர்! அடுத்த ஏப்ரலிலிருந்து, கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், இடுப்பளவு தண்ணீரில், கரையில் இரண்டு பெரியவர்களும் கயிறும் டியூப்பும் வைத்துக்கொண்டு பழக்குகிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் ஊரில் புள்ளிமான்கள் தெருவில் நடக்கும். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நிற்கும், பஸ் நிலையத்தடிக்கும் வரும். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆசையாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள், சோறு சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீற்றையும் அதிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். உப்பும் எண்ணெயும் பட்ட சீற்றை மான் அப்படியே விழுங்கும். எங்கள் குருளைச் சாரணப் பிள்ளை ஒன்று, எட்டு வயது, மானின் வாயில் தொங்கிய சீற்றை இழுக்கப் பார்த்து, அது உள்ளே போய்விட்டது என்று அழுதது. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு சாக்கு நிறையப் பொறுக்குகிறோம். திருகோணமலைக்கு வந்தால் தயவுசெய்து மானுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். கொண்டுவந்த சீற்றைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

கடைசியாகக் கயிறு. கடையில் நைலோன்தான் காட்டுவார்கள், மலிவு. பழகும் பிள்ளைக்கு அது வேண்டாம், வழுக்கும், முடிச்சு நிற்காது. தும்புக் கயிறு கையில் சிலும்பு ஏற்றும். 8 மில்லிமீற்றர் பருத்திக் கயிறு, ஆளுக்கு 2 மீற்றர் வெட்டிக் கொடுங்கள். நைலோன் நுனியை நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டும், பருத்தி பிரியும். நூல் சுற்றிக் கட்டத்தான் வேண்டும். அதை நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். நூலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். முதல் சனிக்கிழமை முழுக்க அதற்குத்தான் சரியாக இருக்கும்.