கையொப்பம் யாருடையது? டிஜிட்டல் அடையாளம்: கேள்வி-பதில்

ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆடைகளுக்கு, அவை எதில், எப்படி உருவாயின என்ற விவரம் அடங்கிய டிஜிட்டல் பாஸ்போர்ட் தேவைப்படும் என்கிறார்கள். எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றித் தருவதாக ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?
*பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்*

அவசரப்பட வேண்டாம். இதற்கான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது பொதுச் சட்டகம்தான். ஆடைகளுக்கான விரிவான விதிகளைத் தனியே வகுக்க வேண்டும். பிளாக்செயின், அதாவது பல கணினிகளில் நகலாக இருக்கும், எழுதியதை எளிதில் மாற்ற முடியாத டிஜிட்டல் பேரேடு, கட்டாயம் என்று அதில் எங்கும் இல்லை. விற்க வந்தவர் இதைச் சொன்னாரா?

அந்தப் பணத்தில் முதலில் கணக்கைச் சீர்ப்படுத்துங்கள். எந்த மில்லின் நூல், எந்த லாட், எந்தச் சாயப்பட்டறைக்கு எந்தத் தேதியில் போனது என்பதெல்லாம் கைவசம் இருக்கட்டும். ஜாப் ஒர்க் சீட்டில் லாட் எண் தவறாக இருந்தால், பிளாக்செயின் அந்தத் தவறையும் பத்திரமாகக் காக்கும். எழுதியதை யாரும் பிறகு மாற்றவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. எழுதியது உண்மை என்பதற்கு அல்ல. சாயப்பட்டறைக்காரர் தன் பங்குக்குத் தானே டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். எல்லோருக்குமாக நீங்களே பதிந்தால் அது உங்கள் வாக்குமூலம், அவ்வளவுதான்.

ஆன்லைனில் மஞ்சள் விற்கிறேன். ஈரோட்டு மஞ்சள்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். பாக்கெட்டில் கியூஆர் கோடு ஒட்டினால் போதுமா?
*பெருந்துறை வாசகர்*

போதாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் கியூஆர் கோட்டை ஜெராக்ஸ் எடுத்து எந்தப் பொடியின் மீதும் ஒட்டிவிடலாம். பாக்கெட்டுக்கு ஒரு தனி எண்ணும், சான்றளிப்பவரின் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். ஒரே எண் பல ஊர்களில் ஸ்கேன் ஆனால் போலி பிடிபடும். பாக்கெட்டைப் பிரித்து வேறு மஞ்சளை நிரப்பினால் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் தெரியாது. அங்கே நல்ல சீல்தான் காப்பாற்றும்.

டிஜிலாக்கர் இருக்கும்போது பரவலாக்கப்பட்ட அடையாளம் எதற்கு?
*கல்லூரி மாணவி, கோவை*

2015இல் தொடங்கிய டிஜிலாக்கர், சான்று வழங்கிய துறையிடமிருந்து ஆவணத்தை எடுத்துக் காட்டும் அரசு சேவை. பரவலாக்கப்பட்ட முறையில், பல்கலைக்கழகம் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் (ஒரு நீண்ட ரகசிய எண்) கையொப்பமிட்ட சான்று உங்கள் போனிலேயே இருக்கும். வேலை தருபவர், அதற்கு இணையாக எல்லோருக்கும் வெளியிடப்படும் பல்கலைக்கழகத்தின் பொதுச் சாவியைக் கொண்டு தாமே சரிபார்ப்பார். நீங்கள் எங்கெல்லாம் வேலை தேடுகிறீர்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. மதிப்பெண்ணை மறைத்துப் பட்டத்தை மட்டும் காட்டவும் வழி உண்டு. இத்தகைய சான்றுகளுக்கான தர வரையறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019இல் வெளியிட்டது. சான்றையே பிளாக்செயினில் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிறகு அழிக்க முடியாது. என்னைக் கேட்டால், உள்ளூர் வேலைக்கு இன்றைக்கு டிஜிலாக்கரே போதும்.

லாட்ஜில் ஆதார் நகல் கேட்கிறார்கள்.
*பொள்ளாச்சி வாசகர்*

கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

ரகசியச் சாவி இருக்கும் போன் தொலைந்தால்?
*கோபி வாசகர்*

சாவியைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள். அவையும் தொலைந்தால், சான்று தந்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பழையதை ரத்து செய்து புதிது வாங்க வேண்டும். இந்தச் சொற்களைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். சொல்லிப் பணமும் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள்.