பனி நின்று வெயில் வந்துவிட்டால் பயமில்லையா?

கேள்வி: ஜனவரி கடைசியில் நாங்கள் நான்கு பேர் குல்மார்க் போகிறோம். பனி கொட்டும் நாளில் அறையிலேயே இருந்துவிட்டு, மறுநாள் வெயில் வந்ததும் மலையில் ஏறி நடக்கலாம் என்கிறான் நண்பன். சரிதானா?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லைம்மா, அந்த மறுநாள்தான் ரொம்ப ஆபத்து. புதுப்பனி நிறைய விழுந்த பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் பனிச்சரிவுகள் அதிகம். தட்டில் சீனியைப் பரப்பி அதன் மேல் பிசைந்த மாவை அடையாகத் தட்டி வைத்து, தட்டைச் சாய்த்துப் பாருங்கள், மலையிலும் அப்படித்தான்: அடியில் ஒட்டாத பழைய பனிமணிகள், மேலே பலகை போல இறுகிய கனமான புதுப்பனி. சத்தம் போட்டால் சரியும் என்பது வெறும் கதை. உயிர் போன விபத்துகளில் பெரும்பாலும் அந்தப் பலகையை உடைத்தது, சிக்கியவர் அல்லது கூட வந்தவரின் காலடிதான்.

30 முதல் 45 டிகிரி சாய்வுதான் மோசம். அதன் அடிவாரத்தில் சமதளத்தில் நின்றாலும் தப்ப முடியாது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையருகே 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்களுக்கு 13-வது மைல் வரைதான் அனுமதி, சரிவு வந்தது 15-வது மைலில். நினைத்தாலே மனசு கனக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் குல்மார்க்கின் அஃபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள்.

புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரைமணி தாண்டினால் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. சியாச்சினில் 2016-ல் ஒரு வீரரை 6 நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே என்பீர்கள். புதைந்த 10 பேரில் அவர் ஒருவர்தான், அவரும் சில நாளில் போய்விட்டார். கீழேயிருந்து மீட்புக்குழு வந்து சேரும் வரை தாங்காது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி ஆளுக்கொன்று, பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, அள்ளுகிற ஷவல், இந்த மூன்றும் பழகிய கையோடு இல்லாமல் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். நடக்கும்போது காலடியில் 'தும்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ விரிசல் ஓடினாலோ வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

அப்புறம், திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அவசரம் இருந்தால் நண்பர் காத்திருக்க மாட்டார்.