வெர்ஷன் மாறாவிட்டால் நியூகெட் பழைய டிஎல்எல்லைத்தான் எடுக்கும்

லைப்ரரியின் வெர்ஷன் எண்ணை மாற்றாமல் மறுபடி நியூகெட் பேக்கேஜாக (டாட்நெட்டில் லைப்ரரியைப் பகிரும் தொகுப்பு) பேக் செய்கிறீர்கள், அதுதான் சிக்கல். லைப்ரரியில் திருத்திய மெத்தட் ஆப்பில் தெரியவில்லை, ரீபில்ட் செய்தும் பழைய கோடே ஓடுகிறது என்கிறீர்களே, பில்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது ஆப்புக்கு வேண்டிய பேக்கேஜ்களை எடுத்து வைக்கும்போது, நியூகெட் முதலில் உங்கள் யூசர் ஃபோல்டரில் இருக்கும் .நியூகெட், அதற்குள் பேக்கேஜஸ் என்ற ஃபோல்டரைத்தான் பார்க்கும். உங்கள் வெர்ஷன் 1.0.0 என்று வைத்துக்கொள்வோம். அது அங்கே ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தால், லோக்கல் ஃபீடில் (பேக் செய்த பேக்கேஜை நீங்கள் போட்டு வைக்கும் ஃபோல்டர்) இருக்கும் புது ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காது. ஒரு வெர்ஷன் வெளிவந்தால் அது மாறவே மாறாது என்பது அதன் கணக்கு.

சந்தேகமாக இருந்தால் அங்கே உங்கள் பேக்கேஜ் பெயர், 1.0.0, லிப் என்று உள்ளே போய் டிஎல்எல்லின் (லைப்ரரியின் கம்பைல் ஆன ஃபைல்) தேதியைப் பாருங்கள். நீங்கள் திருத்தியதற்கு முந்தைய தேதி இருந்தால் சரி, ஆள் இவன்தான். அந்த 1.0.0 ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டோர் செய்யுங்கள். மொத்த கேஷையும் அழிக்கும் கட்டளையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அப்புறம் எல்லாப் பேக்கேஜும் திரும்ப டவுன்லோட் ஆகும், டீ குடித்துவிட்டு வரலாம். அழிக்க விடவில்லை என்றால் விஷுவல் ஸ்டுடியோ அந்த டிஎல்எல்லைப் பிடித்து வைத்திருக்கும், மூடிவிட்டு முயலுங்கள்.

தினமும் இதே வேலை என்றால் ஒவ்வொரு பேக்குக்கும் 1.0.1-டெவ்.1, டெவ்.2 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். 1.0.0-டெவ் என்று வைக்காதீர்கள், அது 1.0.0-ஐ விடக் கீழானதாகக் கணக்காகும். ஆப், லைப்ரரி இரண்டு ப்ராஜெக்டும் ஒரே மெஷினில்தான் இருக்கிறதென்றால், இப்போதைக்குப் பேக்கேஜே வேண்டாம், லைப்ரரி ப்ராஜெக்டையே ஆப்பிலிருந்து நேரடியாகச் சுட்டும் ப்ராஜெக்ட் ரெஃபரன்ஸ் போதும்.