சேலத்திலிருந்து ஒரே நாளில் எழும்பூர் அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஒரு நாள்தான் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், எல்லாக் கட்டடத்திலும் நுழையாமல் இருந்தால். 1851-இல் தொடங்கிய இடம். விலங்கு, நாணயம், ஓவியம் என்று பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் மதியத்துக்குள் கால் ஓய்ந்து, முக்கியமானதன் முன் நிற்கும்போது கண் தங்காது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. இரவு ரயில் ஏறும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயில் அதிகாலையில் இறக்கிவிடும். அருங்காட்சியகம் திறப்பதோ 9.30-க்கு. பைகளை நிலையத்தின் க்ளோக் ரூமில் போடலாம், ஆனால் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். பாந்தியன் சாலை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். டிக்கெட் வாங்கும்போதே எந்தக் கூடம் பராமரிப்பில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

கூட்டம் சேரும் முன் வெண்கலப் படிமக் கூடம். இங்கே ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் போதும், மற்றவை அவசரத்தில் பார்த்தாலும் குறையில்லை. அர்த்தநாரியின் முன்னால் நின்று இடுப்பைப் பாருங்கள்: சிலையின் வலப்பாதி நேர்கோடு, இடப்பாதி வளைவு, ஆனாலும் ஒரே உடல். பீடத்துத் துளைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உற்சவத்தில் தூக்கிச் செல்லக் கழி செருகியவை அவை. முகம் மழுங்கியிருப்பது வார்ப்பின் குறையல்ல, தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து தேய்த்ததால் வருவது. கண்ணாடிக்குள் இருப்பவற்றை நேராக நின்று பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். ஒரு பக்கமாகச் சாய்ந்து பாருங்கள்.

ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களான அமராவதிப் பளிங்குகளை அரை மணியில் முடிக்கலாம்.

அடுத்து தொல்பழங்காலக் கூடம். சேலத்துக்காரர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில். அவர் திரட்டிய கற்கருவிகளை 1904-இல் இந்த அருங்காட்சியகமே வாங்கியது. சேர்வராயன் மலையின் கற்கோடரிகளும் அந்தத் திரட்டில் உண்டு. பழைய கற்காலக் கருவி சில்லுச் சில்லாக உடைத்துச் செய்தது, விளிம்பு கரடுமுரடாக இருக்கும். புதிய கற்காலக் கோடரியைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள், வெட்டுமுனை கத்திபோல ஒடுங்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அட்டைகளில் நம்மூர்ப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள்.

சேர்வராயன், கல்வராயன் மலையூர்களில் இந்தக் கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுவார்கள். ஏற்காடு போகும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல் பாருங்கள். அது அந்த ஊரின் சாமி. ஃபூட்டின் நினைவுக்கல்லும் ஏற்காட்டில், திரித்துவ தேவாலயத்தில் இருக்கிறது.