தேயிலையில் மருந்தடிக்காமல், பூச்சியை வைத்தே பூச்சியை அடக்க முடியுமா?

முடியும். "மருந்துக் கடைக்காரர் சிரிக்கிறார், இதெல்லாம் புத்தகத்துக்குத்தான் சரி என்கிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உங்களுக்கு ஓரிரண்டு ஏக்கர் சொந்தத் தேயிலை இருக்கும், கொழுந்துக் காசும் மருந்துக் காசும் கட்டுப்படியாகாமல் கேட்கிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

இப்போது கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். பிறந்தது மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் முதுகில் டாங்கி சுமந்து மருந்தடித்தவர். நான் படித்து அதே தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தரானேன். ஒரு மலையில், அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியில், இலையோடு இலையை நூலால் ஒட்டிச் சுருட்டும் டோட்ரிக்ஸ் புழு கண்ணில் பட்டதும் மருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா அந்த மலையிலிருந்து ஒரு பை நிறையச் சுருட்டிலை கொண்டுவந்தார். வாசலில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பாதிக்கு மேல் உயிருள்ள புழுவே இல்லை. வெறும் தோல் சுருங்கிக் கிடக்க, பக்கத்தில் சின்னச் சின்னக் கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தன. "குளவி வந்திருச்சுப்பா. நீ அடிச்சா மொதல்ல அதுதான் சாகும்" என்றார். நான் கேட்கவில்லை, அடித்தோம். இரண்டு மாதத்தில் பக்கத்து மலைக்கும் புழு ஏறிவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு தேடிப் படித்தேன். அந்தக் குளவியின் பெயர் மக்ரோசென்ட்ரஸ். 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து நம் மலைகளில் விட்டது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து, ஒரு புழுவிலிருந்து கொத்தாகக் குளவிகள் வரும். டோட்ரிக்ஸ் அப்படித்தான் அடங்கியது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் மறுபடி தலைதூக்கியது. நான் செய்த அதே தப்பு, நாடளவில்.

எல்லாப் பூச்சிக்கும் இது சரிவரும் என்று நான் சொல்லவில்லை. தண்டுக்குள் பூஞ்சணம் வளர்த்துத் தின்று வாழும் அந்த வண்டை இந்தக் குளவி ஒன்றும் செய்யாது. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாக நிறுத்தியதை ஆதரிக்கிறேன் என்றும் யாரும் கீழே எழுத வேண்டாம். அதற்குப் பிறகு கொழுந்து குறைந்ததை ஸ்டோரில் இருந்து பார்த்தவன் நான்.

இந்தப் படிப்பு பிடித்துப்போய் ஓர் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார், கடிதம் தோட்ட ஆபிசுக்குத்தான் போகும். நேர்முகக் கடிதம் என் கைக்கு வந்தபோது திகதி முடிந்து நாலு நாள். கொழும்பில் இதைச் சொன்னால் நம்பாமல் பார்க்கிறார்கள். எத்தனை பிள்ளைகளின் வேலை அந்த ஆபிஸ் மேசையிலேயே கிடந்து போயிருக்கும்!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போகும் முன் தோட்டத்தில் நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐம்பது சுருட்டிலை பறித்துப் பிரித்துப் பாருங்கள். கூட்டுக் கொத்து நிறைய இருந்தால் மருந்தடிக்காதீர்கள். அந்த இலைகளை எரிக்கவும் வேண்டாம், திரும்பச் செடியடியிலேயே போட்டுவிடுங்கள்.