லிங்க்ட்இன்ல யாரும் அக்செப்ட் பண்ணலையா?

கேள்வி: கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிறேன் சார். லிங்க்ட்இன்ல கம்பெனி சீனியர்ஸ் நிறைய பேருக்கு ரிக்வெஸ்ட் குடுத்தும் யாருமே அக்செப்ட் பண்ணல. என்ன எழுதணும்?

பதில்: தம்பி, நீங்க எதுவும் எழுதாமலே அனுப்பியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், ஏன்னா போன்ல கனெக்ட் பட்டனைத் தட்டினா பல நேரம் நோட், அதாவது ரிக்வெஸ்ட்டோட சேர்ந்து போற சின்ன மெசேஜ், கேக்காமலே போயிடும், அவங்க ப்ரொஃபைலைத் திறந்து மூணு புள்ளி மெனுவுக்குள்ள போனாதான் நோட் சேர்க்க முடியும். ஃப்ரீ அக்கவுண்ட்ல மாசத்துக்குக் கொஞ்ச நோட்தான், அதுவும் ரெண்டு மூணு வரிதான், அதனால ஆள் பாத்து எழுதுங்க.

நீங்க யாரு, ஏன் குறிப்பா அவங்க, இது ரெண்டும் போதும். "வணக்கம் மேடம், உங்க காலேஜ்லதான் மெக்கானிக்கல் படிக்கிறேன். பம்ப் டிசைன் பத்தின உங்க போஸ்ட் என் ப்ராஜெக்ட்டுக்கு ரொம்ப உதவுச்சு, தொடர்ந்து படிக்க ஆசை"ன்னு உண்மையா எழுதுங்க. அவங்க போஸ்டை நிஜமாவே படிச்சிருக்கணும், அது முக்கியம். முதல் நோட்லயே வேலை கேக்காதீங்க, ரெஸ்யூமும் வேணாம், அக்செப்ட் ஆனப்புறம் ஒரு நன்றி சொல்லிட்டு அவங்க வேலையப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஏற்கனவே அனுப்பினதை அவசரப்பட்டு வித்ட்ரா பண்ணிடாதீங்க, பண்ணினா அதே ஆளுக்கு மூணு வாரம் வரைக்கும் திரும்ப அனுப்ப முடியாது.