ஊர் வரை வராத அதிகாரம்

கேள்வி: அதிகாரம் கீழே போனால் காடு பிழைக்கும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். இந்தோனேசியாவில் மாவட்டங்களுக்கு அதிகாரம் கொடுத்த பிறகுதானே காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வெட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் காடு பத்திரமாக இருந்ததா? அதிபர் சுகார்த்தோ காலத்தில் எல்லாக் கையெழுத்தும் தலைநகர் ஜகார்த்தாவில்தான். 1995இல் அவர் போட்ட உத்தரவின்படி போர்னியோ தீவின் மத்தியக் கலிமந்தான் மாகாணத்தில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கக் கிளம்பினார்கள். வாய்க்கால்களை வெட்டி நீரை வடித்ததும் அந்த மக்கிய மண் காய்ந்துபோனது. நெல் தேறவில்லை. 1997இல் மண்ணே பற்றி எரிந்தது.

சரி, மாவட்டங்களுக்கு வருவோம். அவற்றுக்கு அதிகாரம் கொடுத்து 1999இல் வந்த சட்டம் 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தை ஆளும் புபாத்திகள் 100 ஹெக்டேர் அளவில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். மாவட்டம் தன் வருமானத்தைத் தானே தேட வேண்டிய நிலை. உடனே காசாகக்கூடியது மரம்தான். தாளில் ஊர்க் கூட்டுறவின் பெயர் இருக்கும். ரம்பமும் லாரியும் ஒப்பந்தக்காரருடையவை. ஊருக்குக் கன மீட்டர் கணக்கில் ஏதோ ஒரு சிறு தொகை. 2002இல் ஜகார்த்தா இந்த அனுமதியை நிறுத்தியது. ஆனால் தோட்டத்துக்கு இடம் ஒதுக்கும் பேனா புபாத்தியிடமே இருந்தது. 2005 முதல் அவருக்கு நேரடித் தேர்தல், அதற்குச் செலவு வேறு. ரியாவ் மாகாணத்தின் பெலாலவான் மாவட்டப் புபாத்தி, காகிதக்கூழ் மரத்தோட்ட அனுமதிகளில் செய்த ஊழலுக்காக 2008இல் 11 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இந்தக் கையெழுத்தின் ஆயுளையும் பாருங்கள். எண்ணெய்ப்பனையை நட்டால் 25 வருஷம் நிற்கும். அறுத்த குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். நெல் மூட்டை மாதிரி விலை ஏறட்டும் என்று வீட்டில் அடுக்கி வைக்க முடியாது. பக்கத்தில் ஒரே ஆலை என்றால், ஆலைக்காரர் சொல்வதுதான் விலை.

இதை அதிகாரப் பரவல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜகார்த்தாவில் இருந்த மேசையைத் தூக்கி மாவட்டத் தலைநகரில் போட்டார்கள், அவ்வளவுதான். காட்டோரத்து ஊருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் அந்த உரிமை இருந்தது. 2013இல் 12 கிராம சபைகள் மறுத்தன. பாக்சைட் சுரங்கம் நின்றது.

இந்தோனேசியாவில் 2014இல் மாவட்டங்களிடமிருந்து காட்டைப் பிடுங்கி மாகாணங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு அப்போதும் இல்லை. பழங்குடி மரபுக் காடு அரசுக் காடு அல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013இலேயே சொன்னது. ஆனால் அந்தக் காட்டைக் கேட்க வேண்டுமானால், முதலில் அந்த மக்களை அங்கீகரித்து உள்ளூர் ஆட்சி ஒரு சட்டம் இயற்ற வேண்டும். 2016 டிசம்பரில் முதல் முறையாகக் காடு திரும்பக் கிடைத்தவை 9 சமூகங்கள். மொத்தம் சுமார் 13,000 ஹெக்டேர்.